முகட்டின் முதுகுப்பக்கம்

முதல் வாரத்தில் மூன்று வாளி பிளாஸ்டரைக் கல்லாக்கினேன். நான்காவது வாளியைப் பெரியமேசனே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. கல்லான மூன்றையும் பட்டறை வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். மாதக் கணக்கில் அவை அங்கேயே இருந்தன. தபால்காரர்கூட அவற்றைச் சுற்றித்தான் நடந்தார்.

பெரியமேசன் என்பது நான் வைத்த பெயர். பருத்தித்துறையில் அப்பா யாரிடம் தொழில் பழகினாரோ, அவரை ஊர் முழுக்க அப்படித்தான் அழைத்தது. இங்கே, இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள இந்தப் பட்டறையில், எழுபதை நெருங்கும் இந்த மனிதரைப் பதினேழு வயதுப் பொடியனும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். எனக்கு நாக்கு எழவில்லை. முதல் ஆறு மாதம் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலம் தள்ளினேன். ஏதாவது கேட்கவேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று இருமுவேன். நெஞ்சுச் சளிக்கு மருந்து எடுக்கிறாயா என்று அவர் ஒருநாள் கேட்டே விட்டார்.

அதற்கு முன் பதினொரு வருடம் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. முப்பத்துநான்காவது வயதில், பழைய நாடக அரங்குகளின் கூரைப் பூச்சு வேலைக்குப் பயிலுநர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டேன். நேர்முகத்தில் அவர் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. உன் ஊரில் சுண்ணாம்பு எதிலிருந்து எடுப்பார்கள் என்று கேட்டார். முருகைக்கல்லைச் சூளையில் போட்டுச் சுடுவார்கள் என்றேன். கடலுக்குள் இருக்கும் பவளப்பாறையா என்று முன்னால் குனிந்தார். எத்தனை நாள் சுடுவது, என்ன விறகு, நீற்றிய பிறகு எவ்வளவு காலம் தண்ணீரில் வைப்பது என்று அரை மணி நேரம் துருவினார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை அப்பாவிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அந்தச் சுண்ணாம்பு அறிவுதான் மூன்று வாளிக்கும் காரணம்.

சுண்ணாம்புச் சாந்து பொறுமையான பொருள். சுட்ட கல்லை நீற்றிப் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உள்ளிழுத்து மறுபடியும் கல்லாகிறது. அதற்கு மாதங்கள் ஆகும், தடித்த சுவரென்றால் வருடங்கள். குழைத்தது இறுகினாலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மசித்தால் மீண்டும் இளகும். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சாந்து சுமந்த கை என் கை. அதற்கு இந்தப் பழக்கம் ஊறியிருந்தது.

பிளாஸ்டர் எனும் பாரிஸ் சாந்தின் குணமே வேறு. ஜிப்சம் கல்லைச் சுமார் 150 பாகை வெப்பத்தில் வாட்டினால் அதற்குள் கட்டுண்டிருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவது வெள்ளை மாவு. தண்ணீரைக் கண்டதும் இழந்ததை ஒரேயடியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பதினைந்து, இருபது நிமிடம். வாளியைத் தொட்டால் சுடும். இறுகும்போது சுருங்காது, மயிரிழை அளவு விரிந்துகொடுக்கும். அச்சின் மூலைமுடுக்கெல்லாம் அது போய் நிரம்புவதன் இரகசியம் இதுதான்.

முதல் வாளியில் பழைய துணுக்குகள் ஒட்டியிருந்தன. இறுகிய பிளாஸ்டரின் துணுக்கு, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் புதியதையும் இழுத்துக்கொண்டு இறுகும். இரண்டாவது வாளியை நன்றாகக் கலக்கவேண்டும் என்று ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். கலக்கக் கலக்க இறுக்கம் விரைவுபடும். மூன்றாவது கெட்டியாகத் தொடங்கியபோது அப்பா செய்வதுபோல் தண்ணீர் தெளித்து மசித்தேன். அதைச் செத்த பிளாஸ்டர் என்கிறார்கள். காய்ந்தாலும் அதற்குப் பலம் வராது, நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிரும். மூன்று வாளி, மூன்று பிழை. வாசலில் வரிசையாக வைத்ததன் பொருள் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

சரியான முறை இது. வாளியைத் துப்புரவாகக் கழுவித் தண்ணீரை முதலில் ஊற்றவேண்டும். மாவை விரலிடுக்கால் மழைபோல் தூவவேண்டும். தண்ணீருக்கு மேல் ஒரு காய்ந்த தீவு தலைகாட்டும்வரை தூவி, பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். தீவு தானாக நனைந்து அமிழும். அதன்பின் கையை அடியில் விட்டு, காற்றுக் குமிழி ஏறாமல் நான்கைந்து சுற்று. அவசரக்காரப் பொருளை வைத்து வேலை செய்கிறவன் அந்த ஒரு நிமிடம் சும்மா நிற்கப் பழகவேண்டும். எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

முதல் சம்பளம் வாங்கிய வாரத்தில் பெரியமேசன் என்னை பிளாக்பூலுக்கு அழைத்துப் போனார். கிராண்ட் தியேட்டரில் மதியக் காட்சி. ஆக உயரத்திலுள்ள பால்கனியில் இரண்டு இருக்கை எடுத்திருந்தார். மேடையைப் பார்க்காதே, மேலே பார் என்றார்.

லங்காஷயரின் பருத்தி ஆலைத் தொழிலாளர்களை நம்பி வளர்ந்த ஊர் பிளாக்பூல். 1846-இல் ரயில் வந்தது. ஆலை நகரங்கள் கோடையில் முறைவைத்து ஒரு வாரம் ஆலையைப் பூட்டும். ஊரே கிளம்பிக் கடற்கரைக்கு வரும். அந்தக் கூட்டத்தின் காசை நம்பி 1894 மே மாதத்தில் பிளாக்பூல் கோபுரம் திறந்தது, ஜூலை 23-இல் கடற்கரையிலிருந்து சில நிமிட நடைதூரத்தில் கிராண்ட் திறந்தது. கட்டுவித்தவர் தாமஸ் செர்ஜென்சன் என்ற உள்ளூர் நாடக முதலாளி. செலவு 20,000 பவுண். வில்சன் பாரெட் நடித்த ஹாம்லெட்டுடன் தொடக்கம்.

வரைந்தவர் ஃபிராங்க் மேட்சம். எண்பதுக்கும் மேற்பட்ட அரங்குகளைப் புதிதாகக் கட்டியவர், அதே அளவுக்குப் பழையவற்றைத் திருத்தியவர். லண்டன் கொலிசியமும் பலேடியமும் இவருடையவை. படித்துப் பட்டம் வாங்கிய கட்டடக்கலைஞர் இல்லை. ஜெத்ரோ ராபின்சன் என்ற அரங்க வடிவமைப்பாளரிடம் வேலைக்குச் சேர்ந்து, அவர் மகளையே மணம்முடித்து, மாமனார் இறந்ததும் தொழிலைக் கையில் எடுத்தவர். நம் ஊரிலும் பல பட்டறைகளின் வரலாறு இப்படித்தான். 1920-இல் நகத்தை ஒட்ட வெட்டப்போய் இரத்தத்தில் விஷம் ஏறி இறந்தார் என்று சொல்வார்கள். பட்டறையில் எவனாவது நகம் வெட்டினால் யாராவது ஒருவர் மேட்சமை நினைவுபடுத்தாமல் விடமாட்டார்.

அவருடைய பெரிய கெட்டித்தனம் தூண்களைக் குறைத்தது. அதற்கு முந்திய அரங்குகளில் ஒவ்வொரு பால்கனியையும் வரிசை வரிசையாகத் தூண்கள் தாங்கின. மலிவு டிக்கட் வாங்கியவன் பாதி நாடகத்தைத் தூணாகவே பார்த்தான். மேட்சம் இரும்பு உத்தரங்களைச் சுவருக்குள் ஆழப் பதித்து, பால்கனியை நீட்டிய கைபோல் அந்தரத்தில் நிறுத்தினார். மேல் பால்கனிக்கு வந்த ஆலைத் தொழிலாளி முன்வாசல் வழியாக வரமுடியாது. அவனுக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு, சாய்மானம் இல்லாத பலகை. ஆனால் கூரையின் தங்கப் பூவேலைக்கு ஆகக் கிட்ட உட்கார்ந்தவன் அவன்தான். பட்டுச் சட்டைக்காரர்கள் கீழே கழுத்தை அண்ணாந்தால்தான் உண்டு.

“என்ன தெரிகிறது?” என்று பெரியமேசன் கேட்டார்.

பூ, கொடி, சங்கு, தங்கம் என்றேன்.

“இது ஒரே துண்டாக வந்ததில்லை. பொருத்துகளைக் கண்டுபிடி. இடைவேளைவரை நேரம் தருகிறேன்.”

கண் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு நிழலைக் காட்டி அதுதான் என்றேன். அவர் சிரித்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனார். இலையின் நரம்பு ஓடும் இடத்திலும் சட்டம் வளையும் விளிம்பிலுமாகப் பொருத்துகளை ஒளித்துவைத்திருப்பார்கள் என்பதைப் பட்டறையில் நானே ஒரு அச்சை வெட்டும்போதுதான் அறிந்தேன்.

அன்று ரயிலில் திரும்பும்போது அந்த அரங்கு பிழைத்த கதையைச் சொன்னார். 1909-இல் செர்ஜென்சன் அதைக் கோபுரக் கம்பெனிக்கு விற்றார். இடையில் சினிமாவும் ஓடியது. தொலைக்காட்சி வந்தது, ஆட்கள் வெயில் தேடி ஸ்பெயினுக்குப் பறக்கத் தொடங்கினார்கள், கரையோர அரங்குகள் ஒவ்வொன்றாக இருண்டன. 1972-இல் கிராண்டை இடிக்க விண்ணப்பம் போனது. ஊர்க்காரர்கள் கூடி மறித்தார்கள், கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் ஏறியது. அப்புறம் சில வருடம் உள்ளே பிங்கோ ஆடினார்கள். 1981 மார்ச் 23-இல் மறுபடியும் ஷேக்ஸ்பியரோடு திரை விலகியது.

பிங்கோவை எல்லோரும் அரங்குக்கு நேர்ந்த அவமானம்போலச் சொல்வார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. எண் கூவி ஆடினாலும் உள்ளே ஆள் இருந்தது, கணப்பு எரிந்தது, ஒழுகினால் சொல்ல ஒருவர் இருந்தார். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் ஒழுகுவது யாருக்கும் தெரியாது. இதே கரையில் சற்று வடக்கே மோர்கேம் ஊரின் விண்டர் கார்டன்ஸ் அரங்கு 1897-இல் கட்டியது. 1977-இல் மூடப்பட்டது. பக்கத்திலிருந்த நடன மண்டபத்தையே இடித்துவிட்டார்கள். அரங்கைத் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாக அங்குலம் அங்குலமாக மீட்டெடுக்கிறார்கள். கிராண்டுக்குள் பிங்கோ ஆடவந்த பாட்டிகளை நான் கும்பிடுவேன்.

இனி வேலைக்கு வருகிறேன்.

இந்த அரங்குகளின் கூரையும் பால்கனி முகப்பும் ஃபைப்ரஸ் பிளாஸ்டரால் ஆனவை. நார்ச்சாந்து என்று தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். லியோனார்ட் டெசாஷி என்ற பிரெஞ்சுக்காரர் 1856-இல் லண்டனில் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முன் கூரையில் சலாகை அடித்து, சுண்ணாம்பை மூன்று தடவை பூசி, ஒவ்வொன்றும் காய வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். கோடைக் கூட்டம் வருவதற்குள் அரங்கைத் திறக்கவேண்டிய முதலாளிக்கு அது கட்டாது. டெசாஷியின் முறையில் கூரை பட்டறையில் பிறக்கிறது. அச்சில் வார்த்த மெல்லிய துண்டுகள் காய்ந்து, ரயிலேறி வந்து, மேலே தொங்கவிடப்படுகின்றன. எடையும் குறைவு.

வார்க்கும் நாளில் பட்டறையில் யாரும் கதைப்பதில்லை. அச்சு முன்பு ஜெலட்டினில் செய்ததாம், இப்போது சிலிக்கோன். பிளாஸ்டர் அச்சென்றால் அரக்குப் பூசி எண்ணெய் தடவவேண்டும். முதல் பூச்சு பாயசப் பதத்தில், தூரிகையால். குமிழி தங்கிவிட்டால் பூவிதழில் அம்மைத் தழும்பு விழும். அது விரல் பதியும் பதத்துக்கு வரும்போது இரண்டாவது பூச்சு. இதில் தச்சர்கள் மரம் ஒட்டும் வச்சிரத்தைக் கொஞ்சம் கரைத்துக் கலப்பார்கள், இறுகுவது தாமதப்படும். அதன்மேல் இடைவெளி விட்டு நெய்த சணல்துணியை விரித்துத் தூரிகையால் அமுக்கவேண்டும். ஓரங்களிலும் குறுக்காகவும் மரச்சலாகைகளை வைத்து, பிளாஸ்டரில் தோய்த்த துணிக்கீற்றுகளால் மூடவேண்டும். முதல் பூச்சு முற்றாக இறுகிய பிறகு இரண்டாவதை ஊற்றினால் இரண்டும் ஒட்டாது, பின்னாளில் தோலாக உரியும். என் முதல் இரண்டு வார்ப்பும் உரிந்தன. மூன்றாவதைத் தூக்கும்போது நானே கீழே போட்டேன்.

சணல்துணிக் கட்டை முதன்முதல் பிரித்த அன்று அந்த மணம் என்னை அப்படியே பருத்தித்துறைச் சந்தைக்குக் கொண்டுபோனது. அரிசிச் சாக்கு, மிளகாய்ச் சாக்கு, மழையில் நனைந்து வாசலில் காலைத் துடைக்கப் போட்ட சாக்கு. விசாரித்தால் காரணம் இருந்தது. விக்டோரியா காலத்தில் பிரித்தானியச் சாக்குத்துணிக்கு ஸ்கொட்லாந்தின் டண்டி நகரம் பேர்போனது. சணல் வங்காளத்திலிருந்து கப்பலில் போகும். நார் முரடாக இருந்ததால் டண்டியின் திமிங்கில எண்ணெயைப் போட்டு இளக்கி நூற்றார்கள். பிறகு கல்கத்தா ஆலைகளே டண்டியை முந்தின. லங்காஷயர் பருத்தி நெசவாளி அண்ணாந்து பார்த்த தங்கக் கூரைக்குள் வங்காள விவசாயியின் சணல் இருந்தது. இருவருக்கும் அது தெரிந்திருக்காது.

அடுத்து நான் படித்தது சட்டம் இழுப்பது. கூரை விளிம்பில் ஓடும் நீண்ட வளைவுச் சட்டத்துக்கு அச்சு தேவையில்லை. அதன் குறுக்குவெட்டை ஒரு துத்தநாகத் தகட்டில் வெட்டி அராவி, மரக்கட்டையில் பொருத்துவார்கள். அந்தக் கட்டைக்குக் குதிரை என்று பெயர். மேசையில் பிளாஸ்டரைக் குவித்துக் குதிரையை ஒரே சீராக இழுக்கவேண்டும், மறுபடியும் ஊற்றவேண்டும், மறுபடியும் இழுக்கவேண்டும். ஐந்தாம் ஆறாம் இழுப்பில் மேடும் பள்ளமும் கூர்பெற்று வெண்ணெய்போல் எழும். குதிரை ஒரு தடவை தயங்கினால் அந்தத் தயக்கம் சட்டம் முழுக்க அலையாகத் தெரியும். இந்த ஒரு வேலையில் மட்டும் நான் விரைவாகத் தேறினேன். மட்டப்பலகை பிடித்துச் சுவர் இழுக்க அப்பா பழக்கியிருந்தார். ஒரே அழுத்தம், மூச்சைப் பிடிக்காதே, முழங்கையை இழுக்காதே, உடம்பை நகர்த்து என்பார். பெரியமேசன் ஏறக்குறைய அதே சொற்களைச் சொன்னார்.

எட்டாம் மாதம் என்னை முகட்டுக்கு ஏற்றினார்கள்.

எந்த அரங்கு என்று சொல்லவேண்டாம். அதுவும் கடலோரம்தான், பிளாக்பூல் இல்லை. ஏணி ஏறி, குனிந்து, ஓடுகளுக்கும் கூரைப் பூவேலைக்கும் நடுவிலுள்ள இருட்டில் நடைபலகையில் நின்றேன். தலைவிளக்கை இறக்கிப் பார்த்தால் கீழே கூரையின் முதுகு. முன்பக்கம் தேவதைகளும் மாலைகளும். பின்பக்கம் சாக்குக் கந்தல், கறுத்த சலாகை, வழிந்து இறுகிய பிளாஸ்டர், நூறு வருடத்துத் தூசி. கோயில் தேரின் அலங்காரத்தைக் கழற்றிய பிறகு உள்ளே மூங்கிலும் கயிறும் தெரியுமே, அந்த மாதிரி.

அவ்வளவு பெரிய கூரையைத் தாங்குவது எது என்று தேடினால், பிளாஸ்டரில் தோய்த்த சணல்கீற்றுக் கட்டுகள். மேலேயுள்ள உத்தரத்தைச் சுற்றி இறங்கி, வார்ப்பின் சலாகையைச் சுற்றிக் கட்டி இறுகவிட்டவை. ஒரு கட்டு ஒரு முழ நீளம் இருக்கும். அப்படி நூற்றுக்கணக்கில். ஆணியும் கம்பியும் அங்கங்கே உண்டு, ஆனால் சுமையின் பெரும்பகுதி இந்தக் கட்டுகளில்தான்.

2013 டிசம்பர் 19 இரவு லண்டன் அப்பொலோ அரங்கில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது கூரையின் ஒரு பகுதி சனத்தின்மேல் விழுந்தது. 70-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், நல்லவேளையாக உயிர் போகவில்லை. 1901-இல் கட்டிய அரங்கு. விசாரித்ததில் சணற்கட்டுகள் முதுமையாலும் கூரை ஒழுக்காலும் நைந்திருந்தன என்று தெரிந்தது. சில கட்டுகள் விட, அவற்றின் சுமை பக்கத்துக் கட்டுகளுக்குப் போக, அவையும் விட. அதற்குப் பிறகுதான் பிரித்தானியா முழுக்க அரங்கக் கூரைகளின் முதுகைத் தவறாமல் பரிசோதிக்கும் வழக்கம் இறுகியது. என் போன்றவனுக்கு வேலை கிடைத்ததும் அந்த விபத்தால்தான். நினைத்தால் கொஞ்சம் சங்கடம்.

முகட்டில் பெரியமேசன் சொன்ன ஒரே விதி: ஒவ்வொரு கட்டையும் கையால் தொடு. விளக்கால் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகாதே. நல்ல கட்டு கல்போல் இருக்கும், தட்டினால் மணி ஒலி. நைந்தது பார்வைக்கு அதே வெள்ளையாகத்தான் இருக்கும். இரண்டு விரலால் பிடித்தால் பிளாஸ்டர் நொறுங்கி, உள்ளிருக்கும் சணல் புகையிலைத் தூளாக உதிரும். ஒன்று, இரண்டு என்று சுண்ணக்கட்டியால் எண் போட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனோம். ஒருநாள் பன்னிரண்டு கட்டு தொடர்ச்சியாக உதிர்ந்தது. எல்லாம் மேற்குப் பக்கத்து மழைநீர்த் தவாளிக்கு நேர் கீழே.

கடற்காற்றைப்பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை. உப்பு ஈரத்தைக் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளும். ஆணி துருப்பிடித்து வீங்கும், வீங்கிய ஆணி பிளாஸ்டரைப் பிளக்கும். பருத்தித்துறையில் வீட்டுக்கு வீடு கொங்கிரீட்டுக்குள் கம்பி வீங்கித் தெறிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே அதோடு மேல்காற்று மழையைக் கிடையாக அடிக்கிறது. போதாததற்குக் கடற்புறாக்கள். கூரைத் தவாளியில் கூடு கட்டி, நாரும் மீன்முள்ளுமாக அடைத்து, தண்ணீரை உள்ளே திருப்பிவிடுகின்றன. ஜிப்சம் தண்ணீரில் சிறிது கரையும். நனைந்த சணலைப் பூஞ்சை தின்னும்.

திருத்தும் முறை கேட்கச் சாதாரணம். தூசியை உறிஞ்சி எடுக்கவேண்டும், தூசிமேல் பிளாஸ்டர் பிடிக்காது. பழைய வார்ப்பின் முதுகை நனைத்து, புதிய கீற்றுகளைத் தோய்த்து உத்தரத்தைச் சுற்றிக் கட்டவேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைத் துணைக்குப் போடவேண்டும். மல்லாந்தும் ஒருக்களித்தும் கிடந்து, வாளியில் பதினைந்து நிமிடம் மட்டுமே உயிர் உள்ள பொருளோடு, கீழே இருக்கிற பூவேலையில் பாதம் படாமல் செய்வதில்தான் கஷ்டம். வார்ப்பின் கனம் பல இடத்தில் என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

இங்கே எனக்கும் பெரியமேசனுக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. சணலுக்குப் பதில் கண்ணாடி இழைத்துணி போடலாம், அது உக்காது. அவர் மறுக்கிறார். பழைய சணலும் புதிய சணலும் ஒரே மாதிரி அசையும், பழையதை மதிப்பதென்றால் அதே பொருளால் திருத்து என்பது அவர் கட்சி. கடலிலிருந்து நூறு அடி தூரத்தில் உக்குகிற நாரை மறுபடியும் தொங்கவிடுவது மரபா பிடிவாதமா என்பது என் கட்சி. அந்த அரங்கில் கடைசியில் சணலும் போட்டோம், எஃகுக் கம்பியும் போட்டோம். இருவரும் தான்தான் வென்றதாக நினைக்கிறோம்.

இன்னொரு விஷயத்தில் நான் தோற்றேன். உதிர்ந்த ஒரு பகுதியில் நான்கு இலைக்கொத்துகள் புதிதாக வேண்டியிருந்தன. நல்லநிலையில் இருந்த ஒன்றில் அச்செடுத்து, அதன் நரம்புகளையெல்லாம் கூராக்கி, மெனக்கெட்டு வார்த்தேன். மேலே கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் அவை மட்டும் புதுப் பல்லுப்போல் துருத்தின. மற்ற இலைகள் நூறு வருடப் பெயின்ற் அடுக்குகளுக்குள் மழுங்கியிருந்தன. பழைய இலை ஒன்றின் மூலையைப் பெரியமேசன் கவனமாகச் சுரண்டினார். வெள்ளை, பழுப்பு, பச்சை, மறுபடி பழுப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் தங்கரேக்கு, அதற்கும் அடியில் என்னுடையதைவிடக் கூரான நரம்பு. சரி, உன்னுடையது இருக்கட்டும் என்பார் என்று நினைத்தேன். எடு, மழுக்கு என்றார். மற்றவற்றைச் சுரண்ட இந்த ஊரிடம் காசு இல்லை, சுரண்டும் நாள் வந்தால் அப்போது உன் இலையைத் திரும்ப வார்ப்பார்கள். அச்சைப் பத்திரப்படுத்து என்றார். அச்சு பட்டறைத் தட்டில் எண் போட்டு இருக்கிறது.

அன்றிரவு அப்பாவுக்கு முகட்டுப் படம் ஒன்றை அனுப்பினேன். உடனே அழைத்தார்.

“என்னடா தம்பி, இது சாக்கெல்லே?”

“ஓம் அப்பா. சாக்குத்தான்.”

“சாக்காலயோ உந்தப் பெரிய சீலிங்கைக் கட்டித் தூக்கி வச்சிருக்கினம்?”

“நூறு வருசத்துக்கு மேல அப்பா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் கோயில் மணிச் சத்தம் கேட்டது.

“கீழ இருந்து பாக்கிற சனத்துக்கு உது தெரியுமோ?”

“தெரியாது.”

“தெரியக்கூடாது” என்றார். பிறகு, முகட்டுக்கு ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டுகிறேனா, பெரியமேசன் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு விடுகிறாரா என்று விசாரித்தார். முருகைக்கல்லுச் சூளையைப்பற்றி அந்த மனிசன் இன்னும் ஏதாவது கேட்டவரோ என்றும் கேட்டார். இரண்டு கிழவர்களும் என் வழியாக இப்படித்தான் கதைத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு மற்றவரின் மொழி ஒரு சொல்லும் தெரியாது.

வாசலில் இருந்த மூன்று கல் வாளிகளும் இப்போது இல்லை. புதிதாகச் சேர்ந்த பொடியன் ஒருத்தனின் இரண்டு இருக்கின்றன. அவன் என்னையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.

இந்தச் சித்திரையில் அதே அரங்கின் மேற்குத் தவாளியை முற்றாகக் கழற்றி ஈயத்தகடு மாற்றவேண்டும். சாரம் கட்டியாகிவிட்டது. ஈயமும் வந்து இறங்கிவிட்டது. மேலே ஏறிப் பார்த்தால் தவாளியின் நட்டநடுவில் கடற்புறா ஒன்று மூன்று முட்டைகளின்மேல் படுத்திருக்கிறது. குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை கூட்டைத் தொட இந்த நாட்டுச் சட்டம் விடாது. சாரத்துக்கு நாள்வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. பெரியமேசன் தினமும் காலையில் தேநீரோடு மேலே போய் அதைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு வருகிறார்.